பேப்பரில் நான் ஹேர்னிங்கில்

யூன் 2, 2021. புதன்

காலையில் இரண்டு தரம் உடுப்புத் தோய்த்தேன். இந்த மெஷின் கத்துகிற கத்துக்கு ஒருநாள் சுவரை உடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். நல்ல வெயில். எல்லாவற்றையும் பின்வளவில் காயப்போட்டேன். பள்ளிக்கூடம் ஒரு கிழமை விடுமுறை என்பதால் பேத்தி ஆதிரா என் காலுக்குள்ளேயே நின்றாள்.

நிரூபா வேலைக்கு ஓடுகிற அவசரத்தில், சப்பாத்துக்குள் காலை நுழைத்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, இஞ்ச இருக்கிறதுக்கு உங்களுக்குக் குடுத்த பதில் எங்க? ஈமெயிலிலதானே வந்திருக்கும். எனக்கு ஒருக்கா அனுப்பிவிடுங்கோ."

"இப்ப என்னத்துக்கு?"

"எங்கட ஃபார்மசிக்கு வாற போலந்து மனுசி ஒண்டு நேற்று அழுதுகொண்டு நிண்டது. இன்னும் போடேல்லையாம். முப்பதாம் திகதியோட முடியுது. உங்கடையப் பத்திரமா எடுத்து வைப்பம் எண்டுதான்."

"அப்பா போட்டவர்தானே. ஃபைலுக்கை பாக்கிறன்."

இந்த இங்கிலாந்து ஐரோப்பாவை விட்டுப் பிரிந்து போய்விட்டது. டென்மார்க் பாஸ்போட்டோடு வந்து குடியேறிய எங்களைப் போன்றவர்கள் எல்லாரும், தொடர்ந்து இருக்க விடுங்கள் என்று விண்ணப்பம் போட வேண்டும். போடாதவர் யூலை முதலாம் திகதியில் இருந்து இங்கே இருக்க உரிமை இல்லாத ஆள். இவர் தனக்கும் நிரூபாவுக்கும் 2019இலேயே போட்டுவிட்டார். வீட்டுக் கடுதாசி முழுக்க இவர் கையில்தான் இருந்தது, போன வருஷம் சித்திரையில் கொரோனாவில் போகும்வரை. 

இன்னும் இருபத்தெட்டு நாள். மத்தியானம் பருப்பும் கத்தரிக்காயும். ஆதிரா கத்தரிக்காயைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

யூன் 3. வியாழன்

கறுத்த ஃபைலைக் காணவில்லை என்று நிரூபாவிடம் சொன்னேன். அது என் கட்டிலுக்குக் கீழே, சூட்கேஸுக்குப் பின்னால் இருக்கிறது.

யூன் 5. சனி

என் மகளை நான் குறைத்து நினைத்துவிட்டேன். காலையில் தேத்தண்ணியும் கையுமாக இருந்து அப்பாவின் ஈமெயிலைத் திறந்துவிட்டாள். கடவுச்சொல் அவளுடைய பிறந்த நாள்தானாம். உள்ளே இரண்டு பதில்தான் இருந்தன. ஒன்று அவருக்கு. மற்றது அவளுக்கு.

"அம்மா, உங்களுக்குப் போடவே இல்லை."

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். நல்லதாய்ப் போயிற்று, கண் கலங்கினால் காரணம் தேட வேண்டியதில்லை.

"மறந்திருப்பார்."

"அப்பாவோ? மறந்தவரோ? பக்கத்து வீட்டுக்காரன்ர குப்பை வாளியை எந்த நாள் வெளிய வைக்கிறது எண்டு ஞாபகம் வைச்சிருந்த மனுசன், தன்ர மனுசிக்குப் போட மறந்தவரோ?"

அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். செத்த மனுசன் வந்து மறுத்துச் சொல்லப் போகிறாரா? ஆனால் பின்னேரம் முழுக்க அவருடைய படத்தைப் பார்க்காமல்தான் திரிந்தேன். அவர் மறக்கவில்லை.

யூன் 7. திங்கள்

ஹேர்னிங்கில் இருந்து பத்தண்ணை போன் எடுத்தார். பெரியப்பாவின் மகன், டென்மார்க்கில் எனக்கு மிஞ்சியிருக்கிற ஒரே சொந்தம். ஆதிராவுக்குப் பாட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டு வளவுக்குள் போய் நின்று கதைத்தேன்.

"மலர், உனக்கு ஒரு கடிதம் வந்து கிடக்கு. கொம்யூனில இருந்து. ஆவணியில நேர வரட்டாம்."

கொம்யூன் என்றால் அந்த ஊர் நகரசபை. பென்ஷன், வைத்தியம், வீட்டு விலாசம் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

"வாறன் அண்ணை. வழமையா வாறதுதானே."

"வழமை எல்லாம் முடிஞ்சுது. முந்தி நினைச்ச நேரம் பிளேன் ஏறினனீ. முப்பதாம் திகதி கழிய இஞ்ச வந்தியெண்டா அங்க திரும்ப விடுவாங்களோ? பிள்ளை உனக்கு அங்க போடச் சொல்லி நிக்கிறாள் என்ன?"

"நிக்கிறாள்."

"போட்டிடாதை. போட்டியெண்டா எங்க இருந்தனீ, எப்ப இருந்து இருந்தனீ எண்டு கேப்பாங்கள். நீ என்னத்தைச் சொல்லுவாய்?"

நான் கொடியில் இருந்த உடுப்பை எடுத்தேன். பாதி ஈரம். எடுத்ததைத் திரும்பவும் போட்டேன்.

யூன் 9. புதன்

நிரூபா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். நான் இங்கே இருந்தேன் என்று காட்ட ஒரு கடுதாசி வேண்டுமாம். மின்சாரம் அப்பா பேரில். தண்ணீர் அப்பா பேரில். வீடு அப்பா பேரில், இப்போது அவள் பேரில். வங்கிக் கணக்கு எனக்கு இங்கே இல்லை. டாக்குத்தரிடம் பதிவு இல்லை. கொரோனா ஊசி போட இன்னும் யாரும் கூப்பிடாதது ஏன் என்று இன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது.

"அம்மா, பதினாலு வருசம். பிட்சாக் கடைக்காரன் எனக்கு நாலு கடுதாசி போடுறான். உங்கட பேரில ஒரு கடுதாசி இந்த வீட்டு வாசலுக்கு வரேல்லையே?"

"எனக்கு ஆர் கடிதம் போடுறது? நான் என்ன மந்திரியோ?"

அவள் சிரிக்கவில்லை. "பல்லுப் புடுங்கினது டென்மார்க்கில. கண்ணாடி டென்மார்க்கில. நாரி நோவுக்கு மருந்து டென்மார்க்கில. இங்கிலிஷ் டாக்குத்தர்மாரைப் பிடிக்காது எண்டுதானே சொன்னனீங்கள்?"

"பிடிக்காதுதான்."

என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படியே அவளுடைய அப்பாவின் பார்வை. நான் குசினிக்குள் போய் ஏற்கனவே கழுவின சட்டியைத் திரும்பக் கழுவினேன்.

யூன் 12. சனி

நிரூபா என்னைக் கையில் பிடிக்காத குறையாக உதவி நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நூல்நிலையத்துக்குப் பக்கத்து மண்டபம். எங்களுடைய ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற பிள்ளையின் பெயர் ஜெறோசா. முப்பத்தைந்து வயசு இருக்கும். முகக் கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண்ணே போதும், ஆளை எடை போட்டுவிடும்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒல்லாந்தில் இருந்து வந்த ஒரு குடும்பம், ஜெர்மனியில் இருந்து வந்த ஒரு தனி மனுசன். அந்த மனுசன் ஒரு ஷொப்பிங் பை நிறைய பில்லோடு வந்திருந்தார். எனக்கு அந்தப் பையைப் பார்க்கப் பொறாமையாய் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக இன்னொருவருடைய தண்ணீர் பில்லுக்குப் பொறாமைப்பட்டேன்.

எங்களுடைய முறை வந்தது.

"அம்மாட பேரில ஒண்டுமே இல்லையோ?" என்று கேட்டாள் ஜெறோசா.

"அப்பாதான் எல்லாம் பாத்தவர்," என்றாள் நிரூபா.

ஜெறோசா பேனையை வைத்தாள். "தங்கச்சி, நீங்கள் ஒருக்கா வெளிய நில்லுங்கோ. அம்மாவோட நான் கதைக்க வேணும்."

நிரூபா போனதும் கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்தாள். "அம்மா, நான் பொலிசும் இல்லை, உங்கட சொந்தக்காரியும் இல்லை. எங்கட சனத்தில உப்பிடிக் கன பேரைப் பாத்திட்டன். வேற நாட்டில பதிவு வைச்சுக்கொண்டு இஞ்ச இருக்கிறியளோ?"

"இல்லை."

"கலியாணம், பிறப்பு, செத்தவீடு, ஏதாவது பதிஞ்சியளோ? உங்கட பேர் எழுதின ஏதாவது?"

"இல்லை."

இரண்டு இல்லை. இரண்டும் பொய். அவளுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

"சரி. போன வருசம் முடியமுன்னம் நீங்கள் இஞ்ச இருந்ததுக்கு ஒரு கடுதாசி எண்டாலும் கொண்டு வாங்கோ. ஒண்டு கிடைச்சாலும் தொடங்கலாம். முப்பதாம் திகதிக்குப் பிறகு வந்து அழுதா நானும் சேர்ந்து அழத்தான் ஏலும்."

யூன் 13. ஞாயிறு

இதை எங்கேயாவது எழுதாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். எழுதிவிட்டுக் கிழித்துவிடலாம்.

1989இல் ஹேர்னிங்குக்குப் போனோம். கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் பதினொரு வருஷம் நின்றேன். குளிருக்குள் நின்று பெட்டி தூக்கித் தூக்கி நாரி போனது. இனி வேலை செய்ய ஏலாது என்று டாக்குத்தர்மார் எழுதினார்கள், கொம்யூன் பென்ஷன் தந்தது. அதில் ஒரு பொய்யும் இல்லை. என் நாரி பொய் சொல்லாது.

2007இல் இவருக்கு லண்டன் பித்துப் பிடித்தது. பிள்ளை இங்கிலிஷில் படிக்க வேண்டுமாம். அப்போது இவர் மட்டுமா, ஜெர்மனியில் இருந்து, பிரான்ஸில் இருந்து, சனம் கோயில் திருவிழாவுக்குப் போகிறது மாதிரி வந்துகொண்டிருந்தது. பாஸ்போட்டைக் காட்டினால் சரி. வரலாம், போகலாம், ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். புறப்படுகிற கிழமை இவர் சொன்னார்.

"உன்னைப் பதிவில இருந்து எடுக்கேல்லை. பத்தண்ணை வீட்டு விலாசத்தில கிடக்கட்டும். போறம் எண்டு சொன்னா பென்ஷனை வெட்டிப்போடுவாங்கள்."

"ஒருக்காக் கேட்டுப் பாப்பமே?"

"ஒப்பிசுக்காரனிட்டக் கேக்கப்படாது மலர். கேட்டாத்தான் இல்லையெண்டுவான்."

ஆமியின் சென்றிப் பொயின்றில் தேவைக்கு மேல் வாய் திறந்தவன் வீட்டுக்குத் திரும்பாத ஊரில் இருந்து வந்த மனுசன். கேள்வி கேட்பது என்றாலே அவருக்குப் பயம். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. சில நாட்களில் வரும். இன்றைக்கு வருகிறது.

அதனால் பேப்பரில் நான் ஹேர்னிங்கில் இருக்கிறேன். வருஷத்தில் இரண்டு தரம் போய் முகம் காட்டிவிட்டு வருவேன். யார் கேட்டாலும், எந்தப் படிவம் வந்தாலும், பத்தண்ணை வீட்டு விலாசத்தைச் சொல் என்று எனக்குப் பாடமாக்கி விட்டிருந்தார். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். 2019இல் விண்ணப்பம் போடும்போது நான் கேட்டேன். "உனக்குப் போட்டா அங்க தெரிஞ்சிடும். பொறு, ஒரு வழி பாப்பம்" என்றார். வழி பார்க்க முதல் போய்விட்டார்.

இங்கே விண்ணப்பம் போட்டால் பதினாலு வருஷப் பொய்யை நானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற மாதிரி. போடாவிட்டால் இந்த வீட்டில் இருக்க ஏலாது. நிரூபாவும் ஆதிராவும் இங்கே. இவர் கடைசியாகச் சப்பாத்துக் கழற்றிய வாசல் இங்கே. நான் எங்கே போகிறது?

கிழிக்கவில்லை.

யூன் 15. செவ்வாய்

ஆதிராவுக்குத் தலை பார்த்தேன். ஒரு பேன். பள்ளிக்கூடத்தின் அன்பளிப்பு.

யூன் 18. வெள்ளி

பத்தண்ணை என்னைக் கேட்காமலேயே பிளேன் ரிக்கெற் போட்டுவிட்டார். இருபத்தேழாம் திகதி, ஞாயிறு காலை. ஒரு வழி ரிக்கெற்.

"அறை ஒண்டு வெறுமையாக் கிடக்கு. அண்ணியும் சந்தோசப்படுவா. நீ உண்மையா இஞ்ச வந்து இருந்தா எல்லாம் உண்மையாயிடும்தானே? பிள்ளையளைப் பாக்க விசிட்டராப் போ."

"விசிட்டரா? என்ர வீட்டுக்கோ?"

"மலர், என்ர நிலைமையையும் யோசி. உன்ர கடிதத்தைப் பதினாலு வருசமா நான்தானே வாங்கி வைச்சனான். உன்னைப் பிடிச்சா என்னையும்தான் பிடிப்பாங்கள். எனக்கு எழுபத்திரண்டு வயசு."

 திட்ட நினைத்தேன், ஏலவில்லை. பாவம் மனுசன், எங்களுக்கு உதவி செய்யப் போய்த்தானே. சூட்கேஸை இறக்கி வைத்தேன். இரண்டு சீலை, குளிர்ச் சட்டை, நாரிப் பட்டி. பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். பிறகு திரும்ப வைத்தேன். நிரூபாவின் காலடி கேட்டதும் மூடிவிட்டேன்.

யூன் 20. ஞாயிறு

இன்றைக்கு இங்கே அப்பாமார் தினம். நிரூபா அவருடைய படத்துக்குப் பூ வைத்தாள். பஸ் சாரதி உடுப்போடு நிற்கிற படம். ஆதிரா ஒரு கார்ட் கீறி, அதில் பஸ்ஸுக்கு ஆறு சில்லுப் போட்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தோம். புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் செய்தேன், இவருக்குப் பிடித்தது.

சாப்பிட்ட பிறகு நிரூபா என்னுடைய அறைக்கு வந்தாள். சூட்கேஸ் கட்டிலுக்கு மேலேயே இருந்தது. திறந்து பார்த்தாள். பார்த்துவிட்டுக் கீழே இருந்துவிட்டாள்.

"எங்க போறியள்?"

"பத்தண்ணை..."

"போறதெண்டா போங்கோ. ஆனா ஒண்டு கேட்டிட்டுப் போங்கோ. அப்பா ஆஸ்பத்திரியில கடைசியா என்னோட கதைச்சவர். நான் அப்ப எங்கட வெம்பிளி ஃபிளாட்டில காய்ச்சலோட. நேர்ஸ் வீடியோக் கோல் எடுத்தவ. அப்பா, 'அம்மா, அம்மா' எண்டு உங்களைக் கேட்டவர். நான் சொன்னன், அம்மா வீட்டை இருக்கிறா, நம்பர் தாறன், அவவுக்கு எடுங்கோ எண்டு. நேர்ஸ் சொன்னவ, இவர் வரேக்கை எழுதித் தந்திருக்கிறார், மனுசி டென்மார்க்கில இருக்கிறா எண்டு. வெளிநாட்டுக்கு இந்தப் போனில எடுக்க ஏலாது எண்டு நம்பரை வாங்காமலே வைச்சிட்டா. நான் நினைச்சன் அப்பா காய்ச்சலில பிசத்திப்போட்டார் எண்டு. விடிய அவர் இல்லை. ஒரு வருசமா இதை உங்களுக்குச் சொல்லேல்லை, நீங்கள் தாங்கமாட்டியள் எண்டு. அவர் பிசத்தேல்லை என்னம்மா?"

அவர் பிசத்தவில்லை. மூச்சு எடுக்க முடியாமல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோதும் பாடத்தைப் பிழையில்லாமல் ஒப்புவித்திருக்கிறார்.

நான் கத்தி அழுதேன். ஆதிரா ஓடி வந்தாள், மருமகன் அவளைத் தூக்கிக்கொண்டு போனார். பிறகு நிரூபாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கோழித் தொழிற்சாலையில் இருந்து இருபத்தேழாம் திகதி ரிக்கெற் வரைக்கும்.

யூன் 21. திங்கள்

நிரூபா என்னோடு கதைக்கவில்லை.

யூன் 22. செவ்வாய்

இன்றைக்கும் இல்லை. இரண்டு பேருக்கும் சோறு போட்டு மூடி வைத்தேன். ஒரு கோப்பைதான் காலியானது, அது மருமகனுடையது.

யூன் 24. வியாழன்

காலையில் குசினிக்குள் வந்து, "தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டாள்.  மூன்று கரண்டி சீனி போட்டுக் கொடுத்தேன், அவள் சீனி விட்டு இரண்டு வருஷம். அப்படியே குடித்து முடித்தாள்.

"அம்மா, அப்பாட சாவை ஆர் பதிஞ்சது? நான் அப்ப படுக்கையில."

"நான்தான். போனில. ஒரு தமிழ்ப் பிள்ளை மொழிபெயர்த்தது."

"அப்ப மரணப் பத்திரத்தில உங்கட பேர் இருக்கும். பதிஞ்ச ஆளின்ர விலாசமும் இருக்கும்."

"இருக்கும்."

"எந்த விலாசம் சொன்னனீங்கள்?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் மூன்று கிழமையாக ஒளித்துத் திரிந்தேன். நிரூபாவின் பேருக்கு நாலு பிரதி தனித்தனி உறையில் வந்தது. மூன்றை அவள் வங்கிக்கும் வேலையிடத்துக்கும் அனுப்பினாள், அடியில் உள்ள சின்ன எழுத்தை வாசிக்கிற நிலையிலா இருந்தாள்? நாலாவதை உறையோடு கறுத்த ஃபைலுக்குள் வைத்தவள் நான். திறக்கவே இல்லை.

"வேற என்னத்தைச் சொல்லியிருப்பன்? பத்தண்ணை வீட்டைத்தான். பதினாலு வருசம் அதைத்தானே சொன்னனான்."

அவள் கண்ணை மூடினாள். "அப்பாட செத்த பேப்பரிலயுமோ அம்மா?"

இந்த நாட்டில் என் பெயர் எழுதின ஒரே கடுதாசி அது. அதுவும் என்னைக் காட்டிக் கொடுக்கும்.

யூன் 26. சனி

நிரூபா ஃபைலைக் கேட்டாள். கட்டிலுக்குக் கீழே இருந்து எடுத்துக் கொடுத்தேன். "இவ்வளவு நாளும் உங்கயோ கிடந்தது?" என்று மட்டும் கேட்டாள். உறையைத் திறக்க வேண்டாம், அந்தப் பிள்ளைக்கு முன்னால் திறப்போம் என்று கெஞ்சினேன். என்ன எழுதியிருந்தாலும் ஒரே தரம் பார்த்தால் போதும் என்று இருந்தது.

மண்டபம் நிறையச் சனம். கடைசிக் கிழமை. ஒரு போர்த்துக்கல் மனுசன் தகப்பனைச் சில்லுக் கதிரையில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தான். இரண்டு மணித்தியாலம் நின்றோம். என் நாரி விண்விண் என்று வலித்தது.

ஜெறோசாவிடம் உறையைக் கொடுத்தேன். "பிள்ளை, அண்டைக்கு இரண்டு பொய் சொன்னனான். முதல் அதுக்கு மன்னிக்க வேணும். நான் டென்மார்க்கிலதான் பதிஞ்சு கிடக்கிறன். இதிலயும் அந்த விலாசம்தான் இருக்கும்."

அவள் உறையைக் கிழித்தாள். விரலை ஒவ்வொரு வரியாகக் கீழே கொண்டு போனாள். விரல் நின்றது.

"பேர், தவமலர் குணநாயகம். இறந்தவரின்ர மனைவி." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "விலாசம், முப்பத்தெட்டாம் நம்பர். சவுத் ஹரோ."

நான் கடுதாசியைப் பறிக்காத குறையாக வாங்கினேன். இங்கிலிஷ் எழுத்து எனக்குப் பிந்தித்தான் ஓடும். ஆனால் முப்பத்தெட்டு முப்பத்தெட்டுத்தானே. எங்களுடைய வீடு. எங்களுடைய தெரு.

இப்போது ஞாபகம் வருகிறது. அந்தத் தமிழ்ப் பிள்ளை போனில், "அம்மா, நீங்கள் எங்க இருக்கிறியள்?" என்று கேட்டது. நான் கட்டிலில் அவருடைய பக்கத்தில் இருந்தேன், அவருடைய தலையணையை மடியில் வைத்துக்கொண்டு. எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் இருக்கிற இடத்தைத்தானே சொல்லத் தோன்றும். பாடம் மறந்துபோய்விட்டது. பதினாலு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் உண்மை சொல்லியிருக்கிறேன்.

நிரூபா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும்தான். சில்லுக் கதிரைத் தகப்பன் எங்களைப் பார்த்துவிட்டு மகனிடம் ஏதோ கேட்டார்.

"இதை வைச்சுத் தொடங்குவம்," என்றாள் ஜெறோசா. "மிச்சம் கேட்டா பிறகு குடுக்கலாம். ஆனா அம்மா, ஒண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. டென்மார்க் விசயத்துக்கு நான் உத்தரவாதம் தர மாட்டன். அங்க என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியாது. நாளைக்குப் பிளேனோ?"

"நாளைக்கு."

"அப்ப இண்டைக்கே யோசியுங்கோ."

"யோசிச்சாச்சு. போடு பிள்ளை."

பாஸ்போட்டைப் போனுக்கு மேலே வைத்து வைத்து எடுத்தார்கள். ஆறாவது தரம்தான் அந்தச் சனியன் பிடித்தது. கமராவில் முகத்தைக் காட்டச் சொன்னது. இவ்வளவு அழுத முகத்தை யார் அடையாளம் காணப்போகிறார்கள் என்று பார்த்தேன், கண்டுவிட்டது. விண்ணப்பம் கிடைத்தது என்று உடனேயே பதில் வந்தது. முடிவு வர மாதக் கணக்கு ஆகலாமாம், வரும்வரை என்னை இங்கே இருந்து எழுப்ப ஏலாதாம்.

யூன் 27. ஞாயிறு

பிளேன் போயிருக்கும். வெண்டிக்காய்ப் பால்கறி வைத்தேன்.

யூன் 28. திங்கள்

பத்தண்ணைக்கு நானே எடுத்தேன். கொம்யூனுக்கும் சொல்லப் போகிறேன் என்றதும் மனுசன் கத்தினார். "விசரோ உனக்கு? இங்கிலாந்துக்காரன் அவங்களுக்குச் சொல்லவா போறான்? ஆவணியில ஒருக்கா வந்து முகத்தைக் காட்டினாச் சரி!"

"என்ர மனுசன் சாகேக்கையும் பொய் சொல்லிப்போட்டுச் செத்தவர் அண்ணை. என்ர பிள்ளை என்னையும் அப்பிடி நினைக்கப்படாது."

கத்தின குரலை இறக்கி, "என்னைப் பற்றி என்ன சொல்லுவாய்?" என்று கேட்டார்.

"கேட்டா உள்ளதைச் சொல்லுவன். நான் சொல்லித்தான் நீங்கள் செய்தனீங்கள் எண்டும் சொல்லுவன்."

வைத்துவிட்டார்.

யூன் 30. புதன்

கடைசி நாள். செய்தியில் எல்லாம் இதுதான். நிரூபா வேலைக்குப் போனதும், ஆதிராவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, இவருடைய படத்துக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்து கொம்யூனுக்கு எடுத்தேன். இங்கிலிஷ்தான் எனக்குத் தடக்கும், டேனிஷ் தண்ணீர் பட்ட பாடு. கோழி வெட்டிக்கொண்டு படித்த பாஷை, மறக்குமா?

இளம் பெண்ணின் குரல். என்னுடைய பதிவு நம்பரைச் சொன்னேன்.

"நீங்கள் விலாசம் மாறுவதாகச் சொல்லப் போகிறீர்களா தவமலர்?"

"மாறிவிட்டேன். நான் லண்டனில் இருக்கிறேன்."

"சரி. எப்போதிருந்து?"

படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "2007இல் இருந்து."

தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. திட்டப் போகிறாள், பொலிஸ் என்று சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஏன் அப்போதே சொல்லவில்லை?"

"சொன்னால் பென்ஷனை நிறுத்துவீர்கள் என்று என் கணவர் பயந்தார்."

"அப்போது இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அல்லவா இருந்தது? எங்களுடைய ஆட்கள் எத்தனை பேர் அந்தப் பென்ஷனோடு ஸ்பெயினுக்குப் போயிருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போயிருந்தால் உங்களோடு அதுவும் வந்திருக்கக் கூடும். இப்போது எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும். என்ன முடிவு வரும் என்று என்னால் சொல்ல முடியாது. உங்கள் சரியான விலாசத்தைப் போட்டு, நடந்ததை ஒரு கடிதமாக எழுதி அனுப்புங்கள்."

போனை வைத்தேன். பிறகு எனக்கு வந்த கோபத்தில் படத்தைச் சுவரில் இருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பேசினேன். பேச்சென்றால் பேச்சு, தெருவுக்குக் கேட்டிருக்கும். ஒரு கேள்வி அப்பா. ஒரேயொரு கேள்வி. பயந்தாங்கொள்ளி மனுசா, அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அந்த நேர்ஸ் எனக்குப் போன் எடுத்திருப்பாளே. நான் இங்கே, இந்தக் கட்டிலில், போனைக் கையில் வைத்துக்கொண்டுதானே விடிய விடிய இருந்தேன்.

படத்தைத் துடைத்துத் திரும்ப மாட்டினேன். ஆதிராவைக் கூட்டிவர இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. கொப்பியில் ஒரு ஒற்றையைக் கிழித்து, மேலே வலது பக்கத்தில் முப்பத்தெட்டாம் நம்பர் என்று எழுதிக் கடிதத்தைத் தொடங்கினேன்.